தங்கப் பல்

என் நண்பர் ஒருவருக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய் கண்டது. கத்தி வைத்தார்கள். புண் ஆறியதும் கதிர் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். “கரண்ட் வைக்கிறார்கள்” என்றுதான் அவர் சொல்லுவார். நம் ஊர்களில் அந்தச் சிகிச்சைக்கு அதுதான் பெயர்.

முதல் நாள் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாராம். பார்த்துவிட்டு, “இந்தத் தங்கப் பல் எப்போது கட்டியது?” என்று கேட்டாராம்.

“கல்யாணத்துக்கு முன்னால் கட்டியது, டாக்டர். ஏன், கழற்றி வைத்துவிட வேண்டுமா? உள்ளே திருட்டுப் பயம் உண்டோ?” என்று நண்பர் வேடிக்கையாகக் கேட்டிருக்கிறார்.

“பல்லுக்கு ஒன்றும் ஆகாது. அதை ஒட்டியிருக்கிற சதைதான் கூடுதலாகப் புண்ணாகும். நடுவில் வைத்துக்கொள்ள ஒரு தகடு செய்து தருகிறோம்” என்றாராம் டாக்டர். சில மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் தகடு. அவ்வளவுதான் காவல்.

அன்று மாலையே நண்பர் என்னிடம் வந்துவிட்டார். “கதிர் எல்லாவற்றின் மேலும்தான் படுகிறது. சொந்தப் பல்லின் மேலும் படுகிறது. தங்கத்துக்கு மட்டும் என்ன சார் அப்படி ஒரு குணம்?” என்றார். கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நம்புகிற பழைய வாசகர் அவர். எனக்குத் தெரியவில்லை. கல்லூரியில் படித்த பௌதிகம் பரீட்சை ஹாலிலேயே தங்கிவிட்டது.

மூன்றாவது வாரம் அவருக்கு வாயெல்லாம் புண். கஞ்சி கூட இறங்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து உறவினர் ஒருவர் ஒரு சீசாவைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே சிவந்த நீர். ‘நானோ தங்கம்’ என்று பெயராம். அமெரிக்காவில் தங்கத்தாலேயே புற்றுநோயைக் குணப்படுத்திவிட்டார்களாம். இதைக் காலையும் மாலையும் குடித்தால் கரண்டும் வேண்டாம், இந்த அவஸ்தையும் வேண்டாம் என்றாராம். நண்பர் சீசாவை என் மேஜைமேல் வைத்தார். “நிறுத்திவிடட்டுமா?” என்று கேட்டார். இந்தத் தடவை வேடிக்கையாகக் கேட்கவில்லை.

அன்றிலிருந்துதான் நான் படிக்க ஆரம்பித்தேன். தங்கப் பல்லும் அந்தச் சீசாவும் ஒரே சரித்திரத்தைச் சேர்ந்தவை என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

அந்தச் சரித்திரம் ஒரு மோதிரத்தில் தொடங்குகிறது. 1895-ம் வருஷம் நவம்பர் மாதம் ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகரத்தில் பேராசிரியர் ராண்ட்கன் எக்ஸ் கிரணத்தைக் கண்டுபிடித்தார். டிசம்பர் 22-ந் தேதி தம் மனைவியின் கையை அந்தக் கிரணத்தில் வைத்துப் படம் எடுத்தார். சதை நிழல் போல மங்கித் தெரிந்தது. எலும்பு அதைவிடக் கறுப்பாகத் தெரிந்தது. எல்லாவற்றையும்விட அழுத்தமாக, கரிக்கட்டை போலக் கறுத்துத் தெரிந்தது விரலில் இருந்த மோதிரம். உலகமே எலும்பைப் பார்த்து வியந்தது. மோதிரத்தை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. உலோகம் கிரணத்தைத் தடுக்கிறது. இதில் என்ன அதிசயம் என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் தடுக்கப்பட்ட கிரணம் எங்கே போயிற்று? வெயிலைத் தடுத்த ஓடு சூடாகிறது அல்லவா? கிரணத்தைத் தடுத்த உலோகம் என்ன ஆகிறது? இங்கிலாந்தில் பார்க்லா என்பவர் இதை விடாமல் ஆராய்ந்தார். எக்ஸ் கிரணம் பட்ட உலோகம் சும்மா இருப்பதில்லை, தன் பங்குக்குத் தானும் கிரணத்தை வீசுகிறது, ஒவ்வோர் உலோகத்தின் கிரணத்துக்கும் ஒரு தனி அடையாளம் உண்டு என்று காட்டினார். 1917-ம் வருஷத்து நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

உள்ளே நடப்பதை ஒரு கல்யாணப் பந்தியை வைத்துச் சொல்லலாம். அணுவின் நடுவில் கரு. அதைச் சுற்றி வரிசை வரிசையாக எலெக்ட்ரான்கள். உள் வரிசைக்குத்தான் மதிப்பு அதிகம். எக்ஸ் கிரணம் வந்து, தன் சக்தி முழுவதையும் உள் வரிசையில் இருக்கும் ஓர் எலெக்ட்ரானுக்குக் கொடுத்துவிட்டுத் தான் மறைந்துபோகிறது. அந்த எலெக்ட்ரான் இலையை விட்டு எழுந்து வெளியே பாய்கிறது. உள்ளே ஓர் இடம் காலி. வெளி வரிசைக்காரர் ஒருவர் அந்த இடத்துக்குத் தாவுகிறார். தாவுகிற வேகத்தில் பக்கத்தில் இருப்பவரை இடித்து வாசலுக்கே தள்ளிவிடுகிறார். இப்போது இரண்டு இடம் காலி. இப்படியே ஒன்று தொட்டு ஒன்றாகப் பல எலெக்ட்ரான்கள் வெளியே வந்து விழுகின்றன. 1920-களின் ஆரம்பத்தில் லீஸ் மைட்னர் என்ற பெண்மணியும் பிரான்ஸில் பியேர் ஓஷேயும் தனித்தனியே இதைக் கண்டார்கள். பெயர் மட்டும் ஓஷேக்குப் போயிற்று.

இப்படிப் பின்னால் வந்து விழுகிற எலெக்ட்ரான்கள் அதிக தூரம் போவதில்லை. அணுவுக்கு வெகு அருகிலேயே தங்கள் சக்தி முழுவதையும் கொட்டிவிடுகின்றன. அங்கே இருப்பது உயிருள்ள செல்லானால் அதன் கதி அதோகதிதான்.

சதைக்கும் தங்கத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். நம் உடம்பு பெரும்பாலும் லேசான பொருள்களால் ஆனது. அணு எண் வரிசையில் ஹைட்ரஜன் 1, கார்பன் 6, நைட்ரஜன் 7, ஆக்ஸிஜன் 8. தங்கமோ 79. கிரணத்தை இப்படி முழுசாக விழுங்கும் குணம் அணு எண்ணைப் போல வளர்வதில்லை. ஏறக்குறைய அந்த எண்ணை மூன்று தரம் பெருக்கினால் வரும் வேகத்தில் வளர்கிறது. எண் இரண்டு பங்கானால் விழுங்குவது எட்டுப் பங்கு. சதை ஒரு கவளம் உண்ணும் இடத்தில் தங்கம் ஓர் அண்டாவைக் காலி செய்துவிடும்.

இந்தக் குணத்தை வைத்தியர்கள் முதலில் வேறு காரியத்துக்குத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். ரத்தக் குழாய்கள் எக்ஸ் கிரணப் படத்தில் தெரிவதில்லை. கனமான அணு எண் உள்ள ஒன்றை அதற்குள் செலுத்தினால் தெரியும். 1930-ஐ ஒட்டி ஜெர்மனியிலிருந்து ‘தோரோட்ராஸ்ட்’ என்று ஒரு மருந்து வந்தது. தோரியம் என்ற உலோகத்தின் ஆக்ஸைடை மிக நுண்ணிய துகளாக்கி நீரில் கலந்தது. தோரியத்தின் அணு எண் 90. லிஸ்பன் நகரத்து எகாஸ் மோனிஸ் 1931-ல் மூளையின் ரத்தக் குழாய்களைப் படம் பிடிக்க அதை உபயோகித்தார். படம் அற்புதமாக விழுந்தது. நோயாளிக்கு ஊசி போட்டபோது ஒரு சிரமமும் இல்லை. இதைவிட என்ன வேண்டும்?

வேண்டியது ஒன்றே ஒன்று. உள்ளே போன துகள் வெளியே வர வேண்டும். அது வரவில்லை. ஈரலிலும் மண்ணீரலிலும் போய்க் குந்திக்கொண்டது. தோரியம் தானாகவே கதிர் வீசும் பொருள். அதில் பாதி அழிய 1,400 கோடி வருஷம் ஆகும். 1932-லேயே அமெரிக்க மருத்துவ சங்கத்தின் குழு எச்சரித்தது. கேட்டவர்கள் குறைவு. 1950-கள் வரையில் உபயோகம் நடந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்கள் பலருக்கு இருபது முப்பது வருஷம் கழித்து ஈரலில் புற்றுநோய் கண்டது. ஜெர்மனி, டென்மார்க், போர்ச்சுகல், ஜப்பான் ஆகிய நாடுகளில் அந்த நோயாளிகளைப் பல்லாண்டு தொடர்ந்து பார்த்துக் கணக்கெடுத்தார்கள். நோயைப் பார்ப்பதற்காகக் கொடுத்த மருந்தே நோயாக முளைத்த கதை அது. உடம்புக்குள் உலோகத் துகளைச் செலுத்தப் போகிறேன் என்று யார் சொன்னாலும் முதலில் நினைவுக்கு வர வேண்டிய கதை.

இதற்கிடையே கதிர் சிகிச்சை வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. சதையைவிட எலும்பு எக்ஸ் கிரணத்தை அதிகம் விழுங்குகிறது. எலும்பில் இருக்கும் கால்சியத்தின் அணு எண் 20. எலும்புக்குள் இருக்கும் மெல்லிய உயிர்ப்பகுதிகளுக்கு இதனால் எவ்வளவு கூடுதலாகக் கதிர் சேருகிறது என்று 1949-ல் இங்கிலாந்தில் ஸ்பையர்ஸ் என்பவர் கணக்குப் போட்டுக் காட்டினார். கிரணத்தின் சக்தியை உயர்த்தினால் இந்த வேறுபாடு குறைந்துவிடும். 1951-ல் கனடாவில் கோபால்ட் இயந்திரம் வந்தது. பிறகு அதைவிடச் சக்தி வாய்ந்த இயந்திரங்கள் வந்தன. மேல்தோல் தப்பியது, எலும்பு தப்பியது. ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு வேண்டிய அளவு போய்ச் சேர்ந்தது. கோடிக்கணக்கானவர்களுக்குப் பயன்பட்ட முன்னேற்றம் இது. ஆனால் கன உலோகம் தன் முழு வல்லமையைக் காட்டுகிற கிரணத்தை விட்டு வைத்தியம் விலகிப்போய்விட்டது என்பதையும் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். கதை பின்னால் இங்கேதான் முட்டப் போகிறது.

நண்பருடைய பல்லுக்கும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். இன்றைய உயர்ந்த சக்திக் கிரணத்தில், பந்தியில் சொன்ன அந்த விழுங்குதல் குறைவுதான். ஆனாலும் அடர்ந்த உலோகத்தில் மோதிய எலெக்ட்ரான்கள் சுவரில் எறிந்த பந்து போலத் திரும்பி வந்து பக்கத்துச் சதையில் இறங்குகின்றன. சில மில்லிமீட்டருக்குமேல் அவற்றால் போக முடியாது. ஆகையால்தான் அந்தச் சிறு தகடு காவலுக்குப் போதும்.

சரி, இந்தத் தொல்லையை உபகாரமாக்க முடியுமா? அந்த எண்ணம் வந்த இடம் லாஸ் ஏஞ்சலிஸ். தோரியத்துக்குப் பதில் அயோடின் கலந்த மருந்துகள் புழக்கத்துக்கு வந்துவிட்ட காலம். அயோடினின் அணு எண் 53. அது சிறுநீரோடு வெளியே வந்துவிடும். அந்த மருந்தைச் செலுத்திக்கொண்டு இருதயத்தை எக்ஸ் கிரணப் படம் எடுத்தவர்களின் ரத்தத்தை அமோஸ் நார்மன் முதலியவர்கள் ஆராய்ந்தார்கள். மருந்தும் கிரணமும் சேர்ந்தபோது வெள்ளை அணுக்களின் குரோமோசோம்களில் சேதம் கூடியிருந்தது. 1977-ல் இதை வெளியிட்டார்கள். இதைப் படிக்கிற யாரும், ‘படம் எடுக்கும்போது ஜாக்கிரதை’ என்று எழுதிவிட்டு நிறுத்தியிருப்பார்கள். நார்மன் நிறுத்தவில்லை. நல்ல ரத்தத்தில் நடப்பது பாதகம் என்றால், கெட்ட கட்டியில் அதே காரியம் நடந்தால் சாதகம்தானே? எலிகளின் கட்டியில் அயோடினைச் செலுத்திக் கிரணம் வைத்தார்கள். கட்டியின் வளர்ச்சி அதிகமாக அடங்கியது. 1983-ல் அந்த முடிவு அச்சாயிற்று.

அயோடினுக்கு ஒரு குறை: கட்டியில் தங்காமல் கரைந்து ஓடிவிடும். அதைவிடக் கனமானது, உடம்புக்கு விஷமில்லாதது எது? எல்லாருக்கும் தோன்றுகிற பதில்தான் ஆராய்ச்சிக்காரர்களுக்கும் தோன்றியது. 2000-ல் ஹெரால்ட் என்பவரும் கூட்டாளிகளும் தங்கப் பொடியைக் கட்டிக்குள் ஊசியால் செலுத்திப் பார்த்தார்கள். கிரணத்தின் பலன் கூடியது. ஆனால் ஒவ்வொரு பொடியும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் 500-ல் ஒரு பங்கு அளவு இருந்தது. கட்டிக்குள் அது எங்கும் பரவ முடியவில்லை. இன்னும் பொடியாக்க வேண்டும்.

அதற்கு வழி நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே லண்டனில் ஒரு சீசாவில் அடைபட்டுக் கிடந்தது. கொல்லன் மகனாகப் பிறந்து, புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகி, பெரிய விஞ்ஞானியான மைக்கேல் ஃபாரடே, 1857-ல் தங்கக் குளோரைடு கரைசலில் பாஸ்பரஸைச் சேர்த்துப் பார்த்தார். நீர் மாணிக்கச் சிவப்பாக மாறியது. மஞ்சள் பொன் எங்கே, சிவப்பு நீர் எங்கே! தங்கம் கரைந்துபோகவில்லை, கண்ணுக்குத் தெரியாத துகளாகப் பிரிந்து மிதக்கிறது, துகளின் சிறுமையினால்தான் நிறம் மாறுகிறது என்று அவர் சொன்னார். அவர் செய்த சில சீசாக்கள் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பத்திரமாக இருக்கின்றன. இப்படிப்பட்ட துகள்களைக் கண்ணால் காணச் சிக்மாண்டி என்ற ரசாயனிக்கு 1903-ல் ஒரு புது மாதிரி மைக்ராஸ்கோப் வேண்டியிருந்தது. அந்த ஆராய்ச்சிக்காக அவருக்கு 1925-ம் வருஷத்து நோபல் பரிசு கிடைத்தது.

நண்பருடைய உறவினர் கொண்டுவந்த சீசாவின் நீரும் சிவப்புத்தான். நிறம் பொய் சொல்லவில்லை. அதோடு ஒட்டிக்கொண்டு வந்த கதைதான் பொய். உண்மைக் கதை இது.

2004-ல் நியூயார்க் மாகாணத்தில் ஹெயின்ஃபெல்ட் என்பவரும், ஸ்லாட்கின், ஸ்மிலோவிட்ஸ் என்ற இருவரும் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 1.9 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள். ஒரு தலைமயிரின் கனத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துகள்களை வரிசையாக நிறுத்தலாம். மார்பகப் புற்றுக் கட்டி வளர்க்கப்பட்ட சுண்டெலிகளின் ரத்தத்தில் இதைச் செலுத்தினார்கள். புற்றுக் கட்டியின் ரத்தக் குழாய்கள் அவசரத்தில் கட்டிய வீட்டைப் போல ஓட்டை உடைசலானவை. ஜப்பானில் கூமமோட்டோ நகரத்து மாட்சுமுராவும் மயேடாவும் 1986-லேயே இதை எடுத்துச் சொல்லியிருந்தார்கள். அந்த ஓட்டைகளின் வழியே நுண்துகள் கட்டிக்குள் ஒழுகிச் சேரும். மிச்சம் சிறுநீரகத்தின் வழியே வெளியேறும். ஊசி போட்ட சில நிமிஷங்களில் இரண்டரை லட்சம் வோல்ட் எக்ஸ் கிரணத்தை வைத்தார்கள்.

ஒரு வருஷம் கழித்து எண்ணிப் பார்த்தார்கள். கிரணம் மட்டும் பெற்ற எலிகளில் நூற்றுக்கு 20 உயிரோடு இருந்தன. தங்கமும் கிரணமும் பெற்றவற்றில் நூற்றுக்கு 86. தங்கம் மட்டும் பெற்றவற்றில் ஒன்றுகூட இல்லை.

இந்தக் கடைசி வரியை நான் இரண்டு தரம் படித்தேன். அமெரிக்காவில் தங்கத்தால் குணப்படுத்தினார்கள் என்று உறவினர் சொன்ன செய்திக்கு மூலம் இந்தப் பரிசோதனையாகத்தான் இருக்க வேண்டும். அதை வாய்க்கு வாய் கடத்தி வந்தவர்கள் 86-ஐக் கொண்டுவந்தார்கள். பூஜ்யத்தை வழியிலேயே விட்டுவிட்டார்கள். தங்கம் மருந்தல்ல. அது கிரணத்துக்கு ஓர் எடுபிடி. எஜமானன் வராத இடத்தில் எடுபிடிக்கு என்ன வேலை?

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். எலிகளுக்குக் கொடுத்த அளவு, உடம்பின் எடையில் கிலோவுக்கு 2.7 கிராம் வரை. அதே விகிதத்தில் 60 கிலோ எடையுள்ள மனிதனுக்கு 162 கிராம் வேண்டும். அதாவது இருபது சவரனுக்குமேல். நம் வீடுகளில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற நகை அது. ரத்தத்தில் ஊசியாகப் போக வேண்டும்! விலையை விடுங்கள். அவ்வளவு உலோகத்தைச் சுமந்துகொண்டு சிறுநீரகமும் ஈரலும் என்ன செய்யும்? தோரோட்ராஸ்ட் கதையைப் படித்தவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. அத்துடன் பழைய முட்டுக்கட்டையும் இருக்கிறது. எலிக்கு வைத்தது இரண்டரை லட்சம் வோல்ட். மனிதனின் ஆழ்ந்த கட்டிக்கு வைப்பது சாதாரணமாக அறுபது லட்சம் வோல்ட். அங்கே தங்கத்தின் பசி குறைந்துவிடுகிறது. ஆனாலும் சோதனைச் சாலையில் செல்களை வைத்துப் பார்த்தபோது, உயர்ந்த சக்திக் கிரணத்திலும் கணக்கில் வருவதைவிடச் சேதம் அதிகமாகவே தெரிந்தது. துகளைச் சுற்றி மிக நெருக்கமாகக் கொட்டும் எலெக்ட்ரான்களும், செல்லுக்குள் துகள் செய்கிற ரசாயனக் குழப்பமும் அதற்குக் காரணங்கள் என்கிறார்கள்.

பல ஆராய்ச்சிகளுக்குப் பிறகும் தங்கம் இந்தச் சிகிச்சைக்குரிய வாடிக்கை மருந்தாகிவிடவில்லை. மனிதர்களிடம் முன்னே போனவை வேறு உலோகங்கள். பிரான்ஸில் ஹாஃப்னியம் என்ற உலோகத்தின் ஆக்ஸைடைத் துகளாக்கினார்கள். அணு எண் 72. ரத்தத்தில் விடாமல் கட்டிக்குள்ளேயே நேராக ஊசி போட்டார்கள். கை கால் முதலிய இடங்களின் மெல்லிய தசைகளில் வரும் சார்கோமா என்ற புற்றுக்கு, பல நாடுகளில் 180 நோயாளிகளைச் சேர்த்துப் பரிசோதனை நடந்தது. முதலில் கதிர், பிறகு கத்தி. அறுத்தெடுத்த கட்டியைச் சோதித்ததில், கதிர் மட்டும் பெற்ற 89 பேரில் 7 பேருக்குப் புற்று அநேகமாக முழுவதும் செத்திருந்தது. துகளும் சேர்த்துப் பெற்ற 87 பேரில் 14 பேருக்கு அப்படி இருந்தது. 2019-ல் முடிவு வெளிவந்தது. ஐரோப்பாவில் அனுமதியும் அதே வருஷம் கிடைத்தது. உள்ளே போன உலோகம் கட்டியோடு வெளியே வந்துவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும்.

கிரெனோபிள் நகரத்தில் கடோலினியத் துகளை முயன்றார்கள். அணு எண் 64. ஸ்கேன் எடுக்கும்போது துகள் மூளைக் கட்டியில் சேர்ந்திருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். முதல் பரிசோதனையில் 15 பேர். மருந்து தாங்கக் கூடியதுதான் என்று கண்டு 2021-ல் வெளியிட்டார்கள்.

86 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 7-ம் 14-ம் சின்னதாகத் தெரிகின்றன. ஆனால் அவை மனிதர்களின் எண்கள். எலியிலிருந்து மனிதனுக்கு வருகிற வழியில் பல படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் மூன்று கேள்விகள் நிற்கின்றன. போக வேண்டிய இடத்துக்குப் போயிற்றா? போன வேலையைச் செய்ததா? செய்த பிறகு வெளியே வந்ததா? தோரோட்ராஸ்ட் காலத்தில் முதல் இரண்டை மட்டும் கேட்டுத் திருப்தி அடைந்தார்கள். மூன்றாவதைக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர்கள், ஈரல் கெட்டு இறந்துபோன அந்த நோயாளிகள்தாம்.

இவ்வளவையும் நண்பரிடம் சொன்னேன். வாய்ப் புண்ணோடு கேட்டுக்கொண்டிருந்தவர், தங்கம் மட்டும் பெற்ற எலிகளைப் பற்றிச் சொன்னபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஒன்றுகூட இல்லையா?”

“ஒன்றுகூட இல்லை.”

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் வழக்கம் போல ஆஸ்பத்திரிக்குப் போனார். பிளாஸ்டிக் தகட்டை வைத்துக்கொண்டு மீதி நாட்களையும் முடித்துவிட்டார். சிகிச்சை முடிந்த இரண்டாம் மாதம் எங்கள் வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டார். காரம் சற்றுக் குறைவாகப் போடச் சொன்னார்; அவ்வளவுதான்.

சீசா இன்னும் என் மேஜைமேல் இருக்கிறது. திரும்ப வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. காலை வெயில் பட்டால் மேஜை விரிப்பின்மேல் சிவப்பாக ஒரு வெளிச்சம் விழுகிறது. அழகாகத்தான் இருக்கிறது.